நீரிழிவைத் தடுக்கலாம் என்று கண்ட வரலாறு



சேர்வராயன் மலையிலே, ஏற்காட்டில் வாழ்பவன் நான். முப்பத்தைந்து ஆண்டுக்காலம் பள்ளியில் வரலாறும் கணக்கும் கற்பித்துவிட்டுத் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்ற ஆண்டிலே சேலத்து மருத்துவர் ஒருவர் என் குருதியைச் சோதித்தார். வெறும் வயிற்றில் ஒரு முறை. 75 கிராம் குளுக்கோசைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து மற்றொரு முறை. இரண்டாவது சோதனையில் 168 என்று வந்தது.

“ஐயா, உங்களுக்கு நீரிழிவு இன்னும் வரவில்லை. ஆனால் அது வாயிலில் வந்து நிற்கிறது. நாள்தோறும் அரைமணி நேரம் நடந்து வாருங்கள். சோற்றையும் சர்க்கரையையும் குறைத்துக்கொள்ளுங்கள்” என்றார் மருத்துவர்.

வரலாறு கற்பித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைக் கேட்டாலும் சான்று எங்கே என்று வினவுவான். “நடந்தால் நோய் வராது என்று எல்லாரும் சொல்லுகிறார்கள். யார் எண்ணிப் பார்த்தார்கள்? எத்தனை பேரை, எத்தனை ஆண்டு எண்ணினார்கள்?” என்று கேட்டேன். அவர் சினம் கொள்ளவில்லை. “சென்னையிலேயே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள், ஐயா” என்றார். அவர் சொல்லக் கேட்டதும், பின்னர் நானே தேடிப் படித்ததுமே இன்றைய என் பேச்சுக்குப் பொருள்.

நாம் உண்ணும் சோறும் களியும் இட்டிலியும் குடலில் சர்க்கரையாக மாறிக் குருதியில் கலக்கின்றன. அச்சர்க்கரை தசைகளுக்குள் சென்றால்தான் உடலுக்கு ஆற்றல். உள்ளே செல்லுவதற்குக் கதவைத் திறந்துவிடுவது கணையம் என்னும் உறுப்பில் சுரக்கும் இன்சுலின். நடுவயதில் வரும் நீரிழிவில் நேர்வது யாதெனில், முதலில் இந்தத் திறவுகோலுக்குக் கதவு எளிதில் திறப்பதில்லை. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து ஈடு கொடுக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அதுவும் களைத்துப்போகிறது. சர்க்கரை குருதியிலேயே தங்கிவிடுகிறது. நாளடைவில் கண், சிறுநீரகம், இதயம், கால் நரம்பு என்று ஒவ்வொன்றாகக் கெடுகின்றன.

குளுக்கோசு குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கையில் ஒரு டெசிலிட்டர் குருதியில் 140 மில்லிகிராமுக்குக் குறைவாகச் சர்க்கரை இருப்பது இயல்பு. 200 அல்லது அதற்கு மேல் இருப்பின் நீரிழிவு. இடைப்பட்ட 140 முதல் 199 வரையிலான நிலைக்குத் தனிப் பெயர் இட்டு வரம்பு கட்டியது 1979, 1980ஆம் ஆண்டுகளில்தான். அதற்கு முன்பு அந்த நிலையில் இருந்தவரை ஒரு மருத்துவர் நோயாளி என்பார்; இன்னொருவர் நலமுடையவர் என்று அனுப்பிவிடுவார். ஒரு பொருளுக்கு எல்லை வகுக்காமல் அதை எண்ணுதல் இயலாது. ஆகவே இந்த வரம்பு பிறந்த நாளே நம் வரலாற்றுக்கு ஒரு தொடக்க நாள் எனலாம்.

ஆயினும் எண்ணம் மட்டும் மிகப் பழையது. சுசுருத சம்ஹிதையில் இந்நோய்க்குச் சொல்லப்பட்ட மருத்துவத்தைப் படித்தபோது எனக்கு வியப்பு உண்டாயிற்று. வறியவன் குடையும் செருப்பும் இன்றி நூறு யோசனை தூரம் நடக்க வேண்டுமாம். நிலத்தை உழ வேண்டும், அல்லது கிணறு தோண்ட வேண்டுமாம். செல்வனோ சியாமாகம் முதலிய சிறுதானியங்களை உண்டு, நெல்லிக்கனியும் விளாங்கனியும் தின்று, மான்களோடு காட்டில் வாழ வேண்டுமாம். சியாமாகம் என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் மலையில் விளையும் சாமை நினைவுக்கு வருகிறது. ஆனால் அது குதிரைவாலியே என்று கூறுவோர் பலர். எதுவாயினும் ஆகுக. ஏழைக்கு உழைப்பையும் பணக்காரனுக்குப் பட்டினியையும் விதித்த அந்தப் பழைய மருத்துவன் உலகியல் அறிந்தவன் என்பதில் ஐயமில்லை. எனினும் அது நோய் வந்த பிறகு செய்யும் மருத்துவம். வருமுன் காத்தலைப் பற்றிய எண்ணிக்கை அதில் இல்லை.

அமெரிக்காவில் எலியட் ஜாசுலின் என்னும் மருத்துவர் 1921ஆம் ஆண்டில், இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்ட அதே ஆண்டில், நீரிழிவைத் தடுப்பதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அமைதியான ஒரு சிற்றூரின் தெருவில் அடுத்தடுத்து மூன்று வீடுகள். அவற்றில் குடியேறிய குடும்பத் தலைவர்களும் தலைவியருமாக எழுவரில் ஒருவர் நீங்கலாக அனைவரும் நீரிழிவுக்கு ஆளாகிவிட்டனர். இவர்கள் டைபாய்டு கண்டு இப்படி மடிந்திருந்தால் ஊரே திரண்டு காரணத்தைத் தேடியிருக்கும். நீரிழிவாதலால் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பது அவருடைய வருத்தம். உடற்பருமனைக் குறைத்தால் நோயைத் தடுக்கலாம் என்று அவர் நம்பினார். அது நல்ல நம்பிக்கை. ஆனால் நம்பிக்கை வேறு, நிறுவுதல் வேறு.

நிறுவ முயன்றவர்கள் முதலில் தோற்றார்கள். இங்கிலாந்தில் பெட்போர்டு என்னும் நகரில் 1962ஆம் ஆண்டு மக்களின் சர்க்கரையைச் சோதித்து, நோய்க்கும் நலத்துக்கும் இடையே நின்றவர்களைப் பிரித்தெடுத்தனர். அவர்களில் சிலருக்கு உணவுக் கட்டுப்பாடும், சிலருக்கு மாத்திரையும் தந்து பத்தாண்டுகள் பார்த்தனர். மாத்திரை உண்டவர்க்கும் உண்ணாதவர்க்கும், உணவைக் குறைத்தவர்க்கும் குறைக்காதவர்க்கும் வேறுபாடு ஒன்றும் புலப்படவில்லை. மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். எல்லாருக்கும் தெரிந்த உண்மை என்று நாம் எண்ணுவது, எண்ணிப் பார்க்கும்போது சில வேளைகளில் கை நழுவிப் போகும்.

முதல் வெற்றி சீனாவிலிருந்து வந்தது. தாசிங் என்பது அந்நாட்டின் வடகிழக்கில் எண்ணெய்க் கிணறுகளால் எழுந்த நகரம். அங்கே 1986ஆம் ஆண்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்து, இடைநிலையில் நின்ற 577 பேரைத் தேர்ந்தனர். அவர்கள் 33 மருத்துவ நிலையங்களைச் சேர்ந்தவர்கள். சில நிலையங்களில் உணவு முறை, சிலவற்றில் உடற்பயிற்சி, சிலவற்றில் இரண்டும், எஞ்சியவற்றில் வழக்கமான அறிவுரை மட்டும் எனப் பங்கிட்டனர். ஆறு ஆண்டுகள் முடிந்தபோது வழக்கமான அறிவுரை பெற்றவர்களில் நூற்றுக்கு 68 பேர் நோயாளர் ஆகியிருந்தனர். மற்ற பிரிவுகளில் அந்தத் தொகை 41 முதல் 46 வரையில்தான் இருந்தது.

அதன் பின் 2001ஆம் ஆண்டில் பின்லாந்தில் 522 பேரையும், 2002இல் அமெரிக்காவில் 3,234 பேரையும் கொண்டு நடந்த ஆராய்ச்சிகளின் முடிவுகள் வெளிவந்தன. உணவையும் நடையையும் திருத்தியவர்களிடையே நோய் நூற்றுக்கு 58 விழுக்காடு குறைந்தது என்று இரண்டு நாடுகளும் ஒரே எண்ணைச் சொல்லின. அமெரிக்காவில் மெட்ஃபார்மின் என்னும் மாத்திரையையும் ஒரு பிரிவினர்க்குக் கொடுத்துப் பார்த்தனர்; அதனால் குறைந்தது 31 விழுக்காடு. மாத்திரையை நடை வென்றது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சென்னையில் ஸ்டான்லி மருத்துவமனையில் 1948ஆம் ஆண்டிலேயே நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கியவர் மருத்துவர் எம். விசுவநாதன். 1954இல் அவர் இராயபுரத்தில் இந்நோய்க்கென்றே ஒரு மருத்துவமனை கண்டார். நாடு விடுதலை பெற்ற அடுத்த ஆண்டில், காலராவும் காசநோயும் மலிந்திருந்த காலத்தில், பணக்காரர் நோய் என்று கருதப்பட்ட ஒன்றுக்குத் தனிப்பிரிவு எதற்கு என்று சிலரேனும் முணுமுணுத்திருப்பார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது. காலம் அவர் பக்கம் நின்றது. அவர் வழியில் வந்த மருத்துவர் ஏ. இராமச்சந்திரனும் அவர் குழுவினரும் 1989இல் சென்னை நகர மக்களைச் சோதித்தபோது, பெரியவர்களில் நூற்றுக்கு 8 பேருக்குச் சற்று மேலாக நீரிழிவு இருந்தது. சிற்றூரில் 2 பேருக்குச் சற்று மேல். நகரத்தின் எண் 1995இல் 11.6 ஆகவும், 2000இல் 13.5 ஆகவும், 2006இல் 18.6 ஆகவும் ஏறியது. அதே 2006இல் சிற்றூரின் எண்ணும் 9.2 ஆகிவிட்டது. பதினேழு ஆண்டுகளில் பட்டிக்காடு பழைய சென்னையைத் தாண்டிவிட்டது!

இந்நிலையில் ஒரு வினா எழுந்தது. பின்லாந்திலும் அமெரிக்காவிலும் ஆராய்ச்சிக்கு வந்தவர்கள் பருத்த உடலினர். அவர்கள் உடல் எடையைக் குறைத்ததனாலேயே நோய் குறைந்தது என்று கொண்டனர். நம்மவர்களோ பெரும்பாலும் அவ்வளவு பருமன் இல்லாதவர்கள். ஒல்லியான கைகால்களும் சிறு தொந்தியும் உடைய குமாஸ்தாவை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அவருக்கும் நீரிழிவு வருகிறது. அதுவும் இளமையிலேயே, விரைவாகவே வருகிறது. குறைப்பதற்கு எடையே இல்லாதவனிடம் நடையும் உணவும் என்ன செய்யும்?

இதை அறிவதற்காகவே சென்னையில் இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு என்பது நடந்தது. அலுவலகங்களில் பணிபுரியும் நடுத்தரக் குடும்பத்தினரையும் அவர்தம் வீட்டாரையும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களைச் சோதித்தனர். இரண்டு முறை சோதித்து இரண்டு முறையும் இடைநிலையில் நின்ற 531 பேரைத் தேர்ந்தெடுத்தனர். அவர்களுள் 421 பேர் ஆண்கள். வயது 35 முதல் 55 வரை. இவர்களை நான்கு பிரிவாக்கினர். முதற் பிரிவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இரண்டாம் பிரிவுக்கு உணவும் நடையும். மூன்றாம் பிரிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நான்காம் பிரிவுக்கு நடையும் மாத்திரையும் சேர்த்து.

சொன்ன அறிவுரை மிக எளியது. நாள்தோறும் குறைந்தது அரைமணி நேரம் விரைந்து நடக்க வேண்டும். அலுவலகத்துக்கு மிதிவண்டியிலோ நடந்தோ செல்பவரும், உடலுழைப்பு மிகுந்த பணியில் இருப்பவரும் அதையே விடாமல் தொடர்ந்தால் போதும். சர்க்கரையை விலக்க வேண்டும். தீட்டிய அரிசியையும் மைதாவையும் எண்ணெயையும் குறைக்க வேண்டும். நார்ச்சத்துள்ள காய்கறிகளை மிகுக்க வேண்டும். இவ்வளவே. இதைச் சொல்லிவிட்டு விட்டுவிடாமல் தொலைபேசியிலும் நேரிலும் அவ்வப்போது அழைத்து, நடந்தீரா என்று கேட்டுக்கொண்டே இருந்தனர். வீட்டுப்பாடம் தந்தவன் மறுநாள் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பார்க்கவும் வேண்டும் என்பது எங்கள் ஆசிரியப் பயிற்சிக் காலத்திலேயே சொல்லித் தந்த பாடம். பயிற்சியின் பயனில் பெரும்பகுதி இந்தத் தொடர்கேள்வியில்தான் இருந்திருக்கும் என்பது என் கருத்து.

முடிவு 2006இல் வெளியாயிற்று. மூன்று ஆண்டுகளில் முதற் பிரிவில் நூற்றுக்கு 55 பேர் நோயாளர் ஆயினர். நடைப் பிரிவில் 39.3 பேர். மாத்திரைப் பிரிவில் 40.5 பேர். இரண்டும் சேர்ந்த பிரிவில் 39.5 பேர். நடையோடு மாத்திரையைச் சேர்த்ததனால் கூடுதல் பயன் ஒன்றும் இல்லை. மற்றொன்று இதைவிட முக்கியமானது. நடைப் பிரிவினரின் உடல் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவே இல்லை! எடை குறையாமலே நோய் குறைந்தது. நடக்கும்போது தசை சுருங்குகிறது. சுருங்கும் தசை இன்சுலினை எதிர்பாராமலே குருதியிலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளுகிறது. நடந்து முடித்த பின்னரும் சில மணி நேரம் இன்சுலினுக்கு எளிதில் வழிவிடுகிறது. தராசு காட்டாத நன்மை தசையில் நிகழ்ந்தது என்று கொள்ளலாம்.

இங்கே கணக்காசிரியன் சற்று நின்று பேச வேண்டும். 55இலிருந்து 39.3ஐக் கழித்தால் 15.7. இதை 55ஆல் வகுத்தால் நூற்றுக்கு 28.5. ஆகவே சென்னையில் நோய் 28.5 விழுக்காடு குறைந்தது என்பர். அமெரிக்காவிலோ 58 விழுக்காடு. இதைக் கண்டு நம்மவர் சோம்பேறிகள், பாதிப் பயனைத்தான் பெற்றார்கள் என்று சிலர் முகஞ்சுளிப்பது உண்டு. நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். பின்னர்த் தாளை எடுத்து எண்களை அடுத்தடுத்து எழுதிப் பார்த்தேன். அமெரிக்காவில் ஒப்பீட்டுப் பிரிவில் மூன்றாண்டுகளில் நோயாளர் ஆனவர் நூற்றுக்கு 28.9 பேர், நடைப் பிரிவில் 14.4 பேர். கழித்தால் 14.5. அதாவது நூறு பேரில் காப்பாற்றப்பட்டவர் அங்கே பதினான்கு அல்லது பதினைந்து பேர். சென்னையில் பதினைந்து அல்லது பதினாறு பேர். இரண்டும் ஏறத்தாழ ஒன்றே! விழுக்காடு ஏன் வேறுபட்டது? அங்கே நூற்றுக்கு 29 பேரைப் பிடிக்கும் நோய் இங்கே 55 பேரைப் பிடிக்கிறது. வெள்ளம் இங்கே இருமடங்கு. அணை தடுத்த நீரின் அளவு சமம். விழுக்காடு என்று சொல்லும்போதெல்லாம் எதில் விழுக்காடு என்று கேளுங்கள், மாணவர்களே. பரீட்சைக்கு உதவுகிறதோ இல்லையோ, செய்தித்தாள் படிக்க உதவும்.

நூற்றை 15.7ஆல் வகுத்தால் 6.4. ஆறு அல்லது ஏழு பேர் மூன்றாண்டுகள் நடந்தால் ஒருவருக்கு நோய் வராமல் தடுக்கப்படுகிறது என்று பொருள். மற்றவர்கள்? அவர்களுள் சிலருக்கு நடக்காமலே இருந்தாலும் நோய் வந்திராது. சிலருக்கு நடந்தும் வந்துவிட்டது. நடந்த பிரிவிலேயே நூற்றுக்கு 39 பேர் நோயாளர் ஆயினர் என்பதை மறைக்கக் கூடாது. நடந்தும் நோய் கண்ட ஒருவரைப் பார்த்து, நீ சரியாக நடக்கவில்லை என்று குற்றம் சாட்டுவது கொடுமை. என் உறவினர் ஒருவர் நாள்தோறும் நடந்தவர்; பாகற்காயன்றி வேறு கறி உண்ணாதவர். நோய் வந்தபோது அவர் அடைந்த நாணம் நோயைவிட அவரை மிகுதியாக வாட்டியது. பரம்பரை என்பதும், தாயின் கருவிலேயே நேர்ந்த ஊட்டக் குறைவு என்பதும் மனிதனின் முயற்சிக்கு அப்பாற்பட்டவை.

சென்னை ஆய்வுக்குப் பின்னும் எண்ணும் பணி தொடர்ந்தது. அலைபேசியில் வாரந்தோறும் குறுஞ்செய்தி அனுப்பி, உணவையும் நடையையும் நினைவூட்டி, 537 ஆண்களிடம் செய்து பார்த்ததில், இரண்டு ஆண்டுகளில் செய்தி பெறாதவரில் நூற்றுக்கு 27 பேரும் பெற்றவரில் 18 பேரும் நோயாளர் ஆயினர். இது 2013இல் வெளிவந்தது. மருத்துவர் வி. மோகன் குழுவினர் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுடன் சேர்ந்து சென்னையில் 578 பேரிடம் செய்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. குறைவு 32 விழுக்காடு. ஆனால் அதில் நூற்றுக்கு 72 பேருக்குப் போகப் போக மாத்திரையும் தேவைப்பட்டது. வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் மிகுந்திருந்தவர்களுக்கு நடையால் விளைந்த பயன் மிகக் குறைவு என்பதும் அதில் தெரிந்தது. கேரளத்தில் ஊர்மக்களையே வழிகாட்டிகளாக்கி 1,007 பேரிடம் செய்த ஆய்வு 2018இல் வெளிவந்தபோது, இரண்டாண்டு முடிவில் ஒரு பக்கம் 14.9, மறுபக்கம் 17.1. இந்த வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்றே அவர்கள் நேர்மையாக எழுதிவிட்டனர். தோல்வியையும் அச்சிட்டவர்களை நான் மதிக்கிறேன்.

தாசிங் நகரத்து மக்களை விடாமல் பின்தொடர்ந்தனர் சீன மருத்துவர்கள். முப்பது ஆண்டுகள் கழிந்தபின் 2019இல் அவர்கள் கூறியது இது: திருத்திய வாழ்க்கை நடத்தியவர்களுக்கு நோய் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தள்ளி வந்தது, இதய நோயும் பக்கவாதமும் குறைந்தன, வாழ்நாள் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு நீண்டது. நான்கு ஆண்டு என்ன பெரிது என்று இளைஞராகிய நீங்கள் எண்ணலாம். மகள் கல்லூரிப் படிப்பை முடிக்கும் வரையில் கண்பார்வை கெடாமல் இருந்தால் போதும் என்று ஏங்கும் தந்தையைக் கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு எங்கள் மலையைப் பார்க்கிறேன். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் ஏறத்தாழ ஐயாயிரம் அடி உயரத்தில் ஏற்காடு. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். அதற்கு முன்பும் பின்பும் இம்மலைக்கு உரியவர்கள் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று தங்கள் முன்னோரைப் பற்றிச் சொல்லிக்கொள்வார்கள். நான் ஆசிரியனாக வந்த புதிதில், இவர்களுடைய பிள்ளைகள் தொலைவில் உள்ள சிற்றூர்களிலிருந்து காட்டு வழியே நடந்து பள்ளிக்கு வருவார்கள். மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் பாட்டிமார் தலையில் சுமையோடு மேட்டில் ஏறுவதைப் பார்த்து, மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் சென்றவன் நான். வீட்டுக்குப் போனால் சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் கிடைக்கும்.

இன்று பேருந்தும் இரு சக்கர வண்டியும் சிற்றூர் வரையில் செல்லுகின்றன. நியாயவிலைக் கடையில் அரிசி 2008இல் கிலோ ஒரு ரூபாய் ஆயிற்று. 2011 முதல் விலையின்றியே கிடைக்கிறது. அண்டை மலையாகிய கொல்லிமலையில் சாமை விளைந்த நிலங்களில் மரவள்ளி ஏறியது. சேலத்து ஜவ்வரிசி ஆலைகள் அதற்குப் பணம் தந்தன. இதைக் கேடு என்று பழிக்க எனக்கு மனம் வரவில்லை. சாமையைச் சோறாக்கும் முன் பெண்கள் உரலில் இட்டு எத்தனை நாழிகை குத்தினார்கள் என்பது எனக்குத் தெரியும். பிரசவ வேதனையில் துடித்தவளைத் தூளியில் கட்டி மலையிறக்கிய காலத்தையும் மறக்கவில்லை. பாதை வந்தது நன்று. வயிறு நிறைய அரிசி வந்ததும் நன்று. ஆனால் உடல், தான் நூற்றாண்டுகளாகப் பழகிய உழைப்பை ஒரே தலைமுறையில் இழந்துவிட்டது. அந்த இடத்தை நிரப்பும் வழி ஒருவர்க்கும் சொல்லப்படவில்லை. ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தபோது பட்டணத்துக் கடைகளில் சாமை பளபளக்கும் பொட்டலங்களில் ஏறியது. அதே 2023இல் வெளிவந்த நாடு தழுவிய கணக்கெடுப்பு, நீரிழிவு உள்ளவர்கள் பத்துக் கோடிக்கு மேல் என்றும், வாயிலில் நிற்பவர்கள் பதின்மூன்று கோடிக்கு மேல் என்றும் கூறிற்று. அந்தப் பதின்மூன்று கோடியில் நானும் ஒருவன்.

என் பழைய மாணவன் ஒருவன் எங்கள் ஊரில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதுகிறான். அவனுடைய தாய்க்கும் தந்தைக்கும் நீரிழிவு. வயது நாற்பது ஆகிறது. நாற்காலியில் அமர்ந்த வேலை. நாளைக்கு ஏழெட்டு முறை சர்க்கரை போட்ட காப்பி. சென்ற ஆண்டு அவனைப் பிடித்து, “தம்பி, நாளை முதல் காலையில் என்னோடு ஏரியைச் சுற்றி நட” என்றேன். “சரிங்க சார்” என்று பணிவாகச் சொன்னான். நான்கு நாள் வந்தான். ஐந்தாம் நாள் வரவில்லை. பிறகுதான் விசாரித்து அறிந்தேன்: காலை ஏழு மணிக்கு அவன் தோட்டத்தில் பெயர் கூப்பிட நிற்க வேண்டும். ஓய்வூதியம் வாங்குபவனுக்கு விடியற்காலை சொந்தம். வேலைக்குச் செல்பவனுக்கு அது சொந்தமில்லை. என் அறிவுரையில் இருந்த குறையை அன்று உணர்ந்தேன். சென்னை ஆய்வில் உழைப்பவர்களை வேறாக நடக்கச் சொல்லாமல், வேலைக்குப் போகும் வழியையே நடையாக்கியதன் நுட்பமும் அப்போதுதான் விளங்கிற்று. இப்போது அவன் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு, குறுக்குப் பாதையில் தோட்டத்துக்கு நடந்து போய் வருகிறான். மழை நாளில் வண்டிதான். காப்பியில் சர்க்கரை பாதியாயிற்று. முழுதும் விட மனம் இல்லை என்கிறான். அவனைக் கட்டாயப்படுத்திச் சோதனைக்கு அழைத்துப் போனதில் இரண்டு மணி நேரச் சர்க்கரை 150 என்று வந்தது.

என்னுடைய எண் இந்த ஆண்டு 152. ஆறு பேரில் நோய் தடுக்கப்பட்ட அந்த ஒருவன் நானா, நடக்காவிட்டாலும் நலமாகவே இருந்திருக்கக் கூடியவனா, இன்னும் இரண்டு ஆண்டில் 200ஐத் தொடப் போகிறவனா என்பதை எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. கூட்டத்தை எண்ணித்தான் இந்த உண்மை கண்டறியப்பட்டது. தனி மனிதன் அதில் தன் இடத்தைத் தேடிக் காண இயலாது. வரும் தை மாதத்தில் நாங்கள் இருவரும் வெறும் வயிற்றோடு சேலத்துக்கு முதல் பேருந்தில் இறங்க வேண்டும். குளுக்கோசு குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. அந்த நேரத்தில் படிப்பதற்கு ஒரு புத்தகம் எடுத்து வருமாறு அவனிடம் சொல்லியிருக்கிறேன்.